எடுத்த ரத்தம் எங்கே போச்சு?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் ரத்தத்தைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்ற சந்தேகம் ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்தக் கதையில் என் கையெழுத்தும் இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள் :-)

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன்.

2019. பெங்களூரு. எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் அரசு மையங்களை ஏ.ஆர்.டி. மையங்கள் என்பார்கள். அப்படிப் பல மையங்களிலிருந்து நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு சாம்பிள் வரும். பெட்டியைத் திறந்து, ஐஸ் பேக் இன்னும் குளிராக இருக்கிறதா, ட்யூபில் ஒட்டிய எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றா, ரத்தம் எடுத்த நேரம் என்ன என்று பார்த்து 'ஏற்பு' அல்லது 'நிராகரிப்பு' என்று டிக் அடித்துச் சுருக்கொப்பம் போடுவது என் வேலை. எந்த ஆய்வகம், எந்த மையம் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். ஆட்களின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு மாதம் ஒரே மையத்திலிருந்து வந்த சாம்பிள்கள் அதிகமாக நிராகரிக்கப்பட்டன. 'போய் எப்படி எடுக்கணும், எப்படி பேக் பண்ணணும்னு சொல்லிக்கொடுத்துட்டு வா' என்று என்னை அனுப்பினார்கள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா வந்தார். போனமுறை எடுத்த ரத்தம் கெட்டுவிட்டது, மறுபடியும் கொடுக்க வேண்டும் என்று அங்கிருந்த பெண் கன்னடத்தில் சொன்னார். அந்த அக்காவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். ஆனால் கோபம் வந்தபோது தமிழ்தான் வந்தது. நான் தமிழில் பதில் சொன்னதும் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"எடுத்த ரத்தம் எங்க தம்பி போச்சு? கையை நீட்டினேன், ட்யூபு ரொம்ப எடுத்தீங்க. இப்ப இல்லைன்னா எங்க போச்சு?"

தர்மபுரிப் பக்கம் ஊர். ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வீடுகளில் வேலை. மாத்திரை வாங்க மாதம் ஒரு நாள் லீவு வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

"சுகருன்னு சொல்லியாச்சு. ஊர்ல சாவுன்னு சொல்லியாச்சு. இனிமே சொல்றதுக்கு எங்கிட்ட பொய் மிச்சமில்ல தம்பி."

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் பழைய பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினேன். நிராகரிப்பு. காரணம்: 24 மணி நேரத்துக்கு மேல். கீழே என் சுருக்கொப்பம். விதிப்படி நான் செய்தது நூற்றுக்கு நூறு சரி. இன்று வந்தாலும் அதையேதான் செய்வேன். அதுதான் பிரச்சினையே.

சரி, விஷயத்துக்கு வருவோம். அது என்ன 24 மணி நேரம்?

எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்று முதலில் பார்க்கும் சோதனை, வைரஸுக்கு எதிராக நம் உடல் தயாரித்த எதிர்ப்புப் புரதத்தைத் தேடுவது. புரதம் கொஞ்சம் கெட்டியான சரக்கு. வைரஸ் அளவுச் சோதனை, அதாவது வைரல் லோடு, வேறு மாதிரி. சிகிச்சையில் இருப்பவரின் ஒரு மில்லி பிளாஸ்மாவில் வைரஸின் ஆர்.என்.ஏ. எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணுவது. மாத்திரை வேலை செய்கிறதா என்பதை நேரடியாகச் சொல்வது இதுதான். ஆனால் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும். ரத்த அணுக்கள் உடைய உடைய அதைச் சிதைக்கும் நொதிகளும் வெளியே வரும். அணுக்களுக்குள் பதுங்கியிருக்கும் வைரஸ் மரபுப்பொருளும் கசிந்து கணக்கைக் குழப்பும்.

அதனால்தான் இத்தனை சடங்கு. ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. ட்யூபில் எடுக்க வேண்டும். பச்சை மூடி ஹெப்பரின் ட்யூபில் எடுத்தால் ஹெப்பரின் பி.சி.ஆர். வினையையே தடுத்துவிடும். எடுத்தவுடன் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. முழு ரத்தத்தை உறைய வைக்கவே கூடாது. பொதுவாக 24 மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவைத் தனியே பிரிக்க வேண்டும். சில சோதனை முறைகளில் கெடு இன்னும் குறைவு. பிரித்துவிட்டால் நிம்மதி. ஃபிரிட்ஜில் சில நாட்கள் தாங்கும், உறைய வைத்தால் இன்னும் நெடுநாள் தாங்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் எடுத்த ரத்தம். அன்று பார்த்து மையத்தில் சென்ட்ரிஃப்யூஜ் ரிப்பேர். சனிக்கிழமை மாலை எங்களிடம் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான் அந்த அக்காவின் கதை. இது சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும் பெங்களூரு. மலைக்கிராமங்களையும் மழைக்கால சாலைகளையும் நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் சொல்ல, அவருடைய மாணவி நிர்மலா ரத்த மாதிரிகள் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். பெட்டியில் ஐஸ் போட்டு இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். எப்போது படித்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

ஆனால் தொழில்காரன் புத்தி வேறு ஒன்றையும் கவனிக்கிறது. அந்தப் பயணம் பலித்ததற்கு அவர்களின் துணிச்சலோடு இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் தேடியது எதிர்ப்புப் புரதம். அது வீட்டு ஃபிரிட்ஜையும் காட்பாடி ரயிலையும் தாங்கியது. எதைத் தேடுகிறோம், அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைப் பொறுத்துத்தான் யார் யாரைச் சோதிக்க முடியும் என்பது அமைகிறது.

மருந்து 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மையங்களில் இலவசமாக வந்தது. முதல் கட்டத்திலேயே தாம்பரமும் பெங்களூரும் இருந்தன. வைரஸ் அளவுச் சோதனை அப்படி வரவில்லை. பல வருடம் சி.டி.4 அணு எண்ணிக்கையை வைத்துத்தான் ஓட்டினோம். மருந்து தோற்றுவிட்டதோ என்று சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும் வைரஸ் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே வைரஸ் அளவுதான் சிறந்த வழி என்று சொல்லிவிட்டது. இங்கே எல்லோருக்குமான வழக்கமான சோதனை 2018-ல் தொடங்கியது. மருந்து ஆரம்பித்து ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பிறகு வருடம் ஒருமுறை. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஊதா மூடி ட்யூபையும், சென்ட்ரிஃப்யூஜையும், ஐஸ் பெட்டியையும் நம்பி ஆரம்பித்த சாதனை.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் நெடுங்காலமாக.

தடித்த வடிதாள் அட்டை ஒன்று. அதில் ஐந்து வட்டங்கள். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, வட்டத்துக்கு ஒரு பெரிய சொட்டு. ஐந்து வட்டமும் சேர்ந்து அரை மில்லிக்கும் குறைவு. விரலைப் பிதுக்கக் கூடாது, பிதுக்கினால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். ஒரு சொட்டின் மேல் இன்னொரு சொட்டு வைக்கக் கூடாது. வெயில் படாமல் படுக்கை வாக்கில் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க, காயவிட வேண்டும். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டு மூடினால் சாதாரணத் தபாலில் அனுப்பலாம். ஐஸ் வேண்டாம், சென்ட்ரிஃப்யூஜ் வேண்டாம். காய்ந்த ரத்தத்தில் நொதிகள் முடங்கிவிடுவதால் ஆர்.என்.ஏ. தாக்குப்பிடிக்கிறது.

இது புதிதும் அல்ல. அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி 1960-களிலேயே பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி இப்படித்தான் ரத்தம் சேகரித்தார். வெளிநாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தக் குதிகால் ஊசி ஞாபகம் இருக்கும். நம் நாட்டிலும் எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்று ஆறாவது வாரத்தில் பார்க்கும் திட்டம் 2010-ல் இதே அட்டையோடுதான் தொடங்கியது. ஆக, பச்சைக்குழந்தையின் விஷயத்தில் நாம் நம்பிய அட்டை இது.

பெரியவர்களின் வைரஸ் அளவுக்கு ஒத்துவருமா? அதைப் பார்த்ததும் பெங்களூரில்தான். செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஒரே நபரின் பிளாஸ்மாவையும் காய்ந்த ரத்தப் பொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து, இந்தியாவில் வைரஸ் அளவைக் கண்காணிக்க இது பயனுள்ள கருவி என்று 2012-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். அந்த அக்காவின் ட்யூபை நான் நிராகரித்தது அதற்கு ஏழு வருடம் கழித்து, அதே ஊரில்.

இப்போது எதிர்த்தரப்பு. நானே அந்தத் தரப்பில் பல வருடம் பேசியவன் என்பதால் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, துல்லியம். பிளாஸ்மாவில் நாற்பது, இருபது பிரதிகள் வரை இயந்திரம் பார்த்துவிடும். அட்டையில் இருக்கும் ரத்தம் கொஞ்சம், அதனால் சில நூறுக்குக் கீழே நம்பகமாகப் பார்க்க முடியாது. அதோடு அது முழு ரத்தம். அணுக்களுக்குள் இருக்கும் வைரஸ் மரபுப்பொருளும் கணக்கில் சேர்ந்து, சில சோதனை முறைகளில் இல்லாத அளவைக் கூட்டிக் காட்டும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் அட்டைக்கு 1000 பிரதி என்ற எல்லையை ஒட்டிப் பேசுகிறது.

இரண்டு, கைப்பழக்கம். விரலைப் பிதுக்குபவர்கள், ஈரத்தோடு பையில் போடுபவர்கள் எல்லோரும் இருப்பார்கள். ஜூலை மாத பெங்களூரில் துணியே காய்வதில்லை, அட்டை எங்கே காயும் என்று ஒரு சக ஊழியர் கேட்டார். நியாயமான கேள்வி.

மூன்று, இயந்திரத்தையே நோயாளி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன? நல்ல யோசனை. ஜீன்எக்ஸ்பர்ட் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிவு சொல்கிறது. பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் நம் பெங்களூரின் பிக்டெக் ஆய்வகத்தில் உருவானது, காசநோய்க்கு நாடு முழுக்கப் பயன்படுகிறது, எச்.ஐ.வி. அளவு பார்க்கும் சிப்பும் அதற்கு உண்டு. ஆனால் ஜீன்எக்ஸ்பர்ட்டின் வைரஸ் அளவுச் சோதனைக்கு ஒரு மில்லி பிளாஸ்மா வேண்டும். அப்போது சென்ட்ரிஃப்யூஜ் மறுபடியும் வந்துவிடுகிறது.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டபிறகும் என் கருத்து இதுதான்: ட்யூப் 24 மணி நேரத்துக்குள் உறுதியாகப் போய்ச் சேரும் இடத்தில் ட்யூப். அந்த உறுதி இல்லாத இடத்தில் முதலில் அட்டை.

நடைமுறை இப்படி இருக்கலாம். அட்டையில் அளவு 1000-க்குக் கீழே வந்தால், மருந்து வேலை செய்கிறது, அடுத்த வருடம் பார்ப்போம். ஒழுங்காக மாத்திரை எடுப்பவர்களில் பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுவார்கள். 1000-க்கு மேலே வந்தால், மாத்திரையை விடாமல் எடுக்கிறாரா என்று உட்கார்ந்து பேசி, மறு சோதனையை ட்யூபில் எடுப்போம். அட்டை கூட்டிக் காட்டினாலும் இரண்டாவது சுற்றில் பிடிபட்டுவிடும். ஊசி போட்டுப் போட்டு நரம்பு சுருங்கிப் போனவர்களுக்கும், ட்யூபைப் பார்த்தாலே அழும் பிள்ளைகளுக்கும் விரல்குத்து ஒரு விடுதலை.

'துல்லியம் குறைந்த சோதனையை ஏழைகள் தலையில் கட்டுகிறாயா?' என்று ஒரு நண்பர் கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நிராகரிக்கப்பட்ட ட்யூபின் துல்லியம் எவ்வளவு? பூஜ்யம். இரண்டாவது முறை வராமல் போனவரின் துல்லியம்? அதுவும் பூஜ்யம். மருந்து தோற்றது தெரியாமல் அதே மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினால் வைரஸ் எதிர்ப்பு சக்தி பெற்றுவிடும். ஐம்பது பிரதிக்கும் முந்நூறு பிரதிக்கும் வித்தியாசம் பார்க்கிறேன் என்று சொல்லி, ஐம்பதாயிரம் பிரதியோடு ஒருவர் நடமாடுவதைப் பார்க்காமல் விடுவது எந்த ஊர்த் துல்லியம்?

இந்த எண்ணிக்கைக்குக் குடும்பத்தில் என்ன அர்த்தம் என்பதையும் சொல்ல வேண்டும். 2016-லும் 2019-லும் வெளியான பார்ட்னர் ஆய்வுகளில், மருந்தால் வைரஸ் அடங்கிய ஒருவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்று போன சம்பவம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. 1000-க்குக் கீழே இருந்தால் உடலுறவு வழியாகப் பரவும் வாய்ப்பு அனேகமாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஆக, அந்த அட்டை சொல்லக்கூடிய பதில் கணவன் மனைவி நிம்மதியாகத் தூங்கப் போதுமான பதில். (தாய்ப்பால், பகிர்ந்த ஊசி விஷயத்தில் இப்படிச் சொல்லிவிட முடியாது. அதை மருத்துவரிடம் கேளுங்கள்.)

கடைசியாக, நமக்கு. ஊரை விட்டு வந்து பெங்களூரிலும், துபாயிலும், சிங்கப்பூரிலும் குடும்பம் நடத்தும் நமக்கு.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போக ஏற்பாடு செய்கிறோம். முடிவு நம் மொபைலுக்கு வருகிறது. காலை டிபனுக்கு முன் வேலை முடிகிறது. அதே நேரம் நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் ஒரு நாள் லீவு கேட்டால், எதுக்கு, எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி, சீட்டு எங்கே என்று விசாரணைக் கமிஷன் வைக்கிறோம். நானும் வைத்திருக்கிறேன். தமிழ் பேசும் ஆள் கிடைத்தார் என்று சந்தோஷப்படும் நாம்தான், அவர் தமிழில் சொல்லும் பொய்யை எளிதாகக் கண்டுபிடிக்கிறவர்களும்.

2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், தன் நிலையை வெளியே சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சட்டம் சமையலறை வரை வந்து பார்க்காது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். லீவு கேட்டால் 'சரிம்மா, போய்ட்டு வா' என்று சொல்லிப் பழகுவோம். சம்பளத்தைப் பிடிக்காமல் இருப்போம். காரணம் சர்க்கரையாக இருக்கலாம், சாவாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். நமக்கு எதற்கு?

அன்று அந்த அக்கா கையை நீட்டினார். இந்த முறை வேறு மையத்தின் சென்ட்ரிஃப்யூஜில் அரை மணி நேரம் பேசி இடம் பிடித்து, பிளாஸ்மாவைப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, பெட்டியை நானே பைக்கில் கொண்டுவந்தேன். வேலை செய்யும் முறை இல்லை இது. ஒவ்வொரு ட்யூபுக்கும் பின்னால் ஒரு ஆள் பைக்கில் போக முடியாது. அதனால்தான் அட்டையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முடிவு என்ன வந்தது என்று கேட்காதீர்கள். அது அந்த அக்காவின் முடிவு.

பின்குறிப்பு: எச்.ஐ.வி. பற்றி யாருக்கும் தெரியாமல் கேட்க வேண்டுமானால் இந்தியாவில் 1097 என்ற இலவச எண் இருக்கிறது. உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் சமையலறைப் பக்கம் யார் கண்ணிலாவது படும்படி எழுதி ஒட்டி வையுங்கள்.